லேண்ட்லைன் எண்ணை விடாமல் நிறுவனம் மாறுவது: எங்கே சிக்கும், எப்படி எடுப்பது

பழைய இணைப்பை நீங்களாக ரத்து செய்துவிடாதீர்கள். கீழே வரும் கோளாறுகளுக்கெல்லாம் ஏதாவது ஒரு வழி உண்டு. ரத்தாகிப் போன எண்ணுக்குத்தான் பல நேரம் வழி இருப்பதில்லை. எண்ணை மாற்றச் சொல்லிக் கேட்க வேண்டியது புதிய நிறுவனத்திடம். அவர்கள் பழைய நிறுவனத்துக்குக் கோரிக்கை அனுப்புவார்கள், பழையவர்கள் விவரங்களைச் சரிபார்த்துத் தேதி கொடுப்பார்கள், அந்தத் தேதியில் எண் கைமாறும். அதுவரை பழைய போனில் டயல் டோன் இருந்தாக வேண்டும். எண் போய்ச் சேர்ந்ததும் பழைய இணைப்பு பெரும்பாலும் தானாகவே மூடப்படும்.

வீட்டு எண்ணை இப்படிக் கொண்டுபோகும் உரிமை எல்லா நாட்டிலும் கிடையாது. அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஐரோப்பிய ஒன்றிய நாடுகள், ஆஸ்திரேலியா, சிங்கப்பூர் ஆகியவற்றில் உண்டு. இந்தியாவில் அந்த வசதி கைபேசி எண்ணுக்கு மட்டும்தான், லேண்ட்லைனுக்கு இல்லை. அங்கே ஒரே நிறுவனத்துக்குள் செம்புக் கம்பியிலிருந்து ஃபைபருக்கு மாறுகிறவர்கள் பழைய எண்ணையே தரும்படி கேட்கலாம். அவர்களுக்குக் கீழே உள்ள வயரிங், மின்தடை, ஃபேக்ஸ் பகுதிகள் பயன்படும்.

எந்தக் கோளாறானாலும் முதலில்: எண் இப்போது யார் கையில்?

கஸ்டமர் கேரைக் கூப்பிடுவதற்கு முன் நான்கு அழைப்புகள் செய்து பாருங்கள். புதிய நிறுவனம் தந்த கருவியில் (ரவுட்டர் போன்றது) மாட்டிய போனிலிருந்து உங்கள் கைபேசிக்கு ஒன்று: திரையில் எந்த எண் வருகிறது என்று குறித்துக்கொள்ளவும். பிறகு வீட்டு எண்ணுக்கு மூன்று: ஒரு கைபேசியிலிருந்து, பழைய நிறுவனத்தின் இணைப்பை இன்னும் வைத்திருக்கும் ஒருவர் வீட்டிலிருந்து, இரண்டுக்கும் சம்பந்தமில்லாத மூன்றாவது நிறுவனத்தின் இணைப்பிலிருந்து.

மூன்றும் பழைய போனிலேயே அடித்தால் எண் இன்னும் கைமாறவில்லை. சிக்கல் கோரிக்கையில் இருக்கிறது. மூன்றும் புதிய போனில் அடித்தால் எண் வந்துவிட்டது, மிச்சம் இருப்பது உங்கள் வீட்டு வயரிங்கோ புதிய கணக்கின் அமைப்போ. சில அழைப்புகள் இங்கேயும் சில அங்கேயும் போனால், அல்லது ஒரு நிறுவனத்திலிருந்து மட்டும் ‘இந்த எண் உபயோகத்தில் இல்லை’ என்ற குரல் வந்தால், எண் மாறிவிட்டது, ஆனால் யாரோ ஒருவரின் நெட்வொர்க்குக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. எங்கிருந்து அழைத்தாலும் மணியே அடிக்காவிட்டால் புதிய நிறுவனம் எண்ணை வாங்கியும் உங்கள் கருவியோடு சேர்க்கவில்லை என்று சந்தேகிக்கலாம்.

ஒவ்வொரு அழைப்புக்கும் மூன்று விவரம் எழுதிவையுங்கள்: அழைத்த எண், நிமிடம்வரை சரியான நேரம், காதில் கேட்டது என்ன. ‘போன் வரவில்லை’ என்ற புகாரை முதல் நிலை ஊழியர் ரவுட்டரை அணைத்துப் போடச் சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவார். ‘இந்த எண்ணிலிருந்து இத்தனை மணிக்கு அழைத்தபோது இந்த அறிவிப்பு வந்தது’ என்று சொன்னால்தான் புகார் நெட்வொர்க் பிரிவுவரை போகும்.

அறிகுறி: கேட்ட உடனேயே ‘உங்கள் எண்ணை எடுக்க இயலாது’ என்கிறார்கள்

லேண்ட்லைன் எண் ஒரு நிலப்பரப்போடு கட்டப்பட்டது. அந்தப் பகுதியின் எக்ஸ்சேஞ்சோடு புதிய நிறுவனத்துக்கு இணைப்பு இல்லாவிட்டால் அவர்களால் எண்ணை ஏற்க முடியாது. அது அந்த ஒரு நிறுவனத்தின் எல்லைதான். எண்ணிலேயே குறை இருப்பதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சிறிய நிறுவனங்கள் வேறு வேறு மொத்த விற்பனை நெட்வொர்க்குகளின் தோளில் ஏறி நிற்பவை, ஆகவே ஒருவர் மறுத்ததை இன்னொருவர் ஏற்பது சாதாரணம். இணையப் பக்கத்தில் இருக்கும் சோதனைப் பெட்டி மறுத்தாலும் ஒருமுறை ஆளிடம் கேட்பது நல்லது, ஏனெனில் அந்தப் பெட்டிக்குப் பின்னால் உள்ள பட்டியல் பழையதாக இருக்கலாம்.

வேறு ஊருக்குக் குடிபோகிறவர்களுக்கு இந்தத் தடை கூடுதலாகவே வரும். அப்போது கம்பி இணைப்பு தரும் நிறுவனத்தைவிட இணையம் வழியாகப் பேச்சு தரும் நிறுவனங்கள் கைகொடுக்கும் வாய்ப்பு அதிகம்.

லேண்ட்லைன் எண்ணைக் கைபேசிக்கு மாற்ற நினைப்பவர்கள் நாட்டு விதியை முதலில் பார்க்க வேண்டும். அமெரிக்காவிலும் கனடாவிலும் முடியும். பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் வீட்டு எண் கைபேசி நெட்வொர்க்குக்குப் போகாது. அமெரிக்காவில் கூகுள் வாய்ஸ் போன்ற சேவை லேண்ட்லைன் எண்ணை நேரடியாக ஏற்காது. முதலில் ஒரு ப்ரீபெய்ட் கைபேசிக்கு மாற்றி, அது முழுமையாக நிலைத்தபின் அங்கிருந்து கொண்டுபோகிறார்கள். இரண்டு மாற்றம் என்றால் தவறுக்கும் இரண்டு வாய்ப்பு. நேரடியாக ஏற்கும் நிறுவனம் கிடைத்தால் அதுவே மேல்.

அறிகுறி: கோரிக்கை நிராகரிக்கப்பட்டது

எண்ணை மாற்றுவதில் அதிகம் நடக்கும் தடங்கல் இதுதான், பெரும்பாலும் காரணம் அற்பமானது: புதிய நிறுவனம் அனுப்பிய விவரமும் பழைய நிறுவனத்தின் பதிவேட்டில் உள்ள விவரமும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகவில்லை. ஒப்பிடப்படுபவை பொதுவாகக் கணக்கு எண், கணக்குதாரர் பெயர், சேவை முகவரி, சில இடங்களில் ரகசிய பின் எண்.

பெயரில் நம்மவர்களுக்கு ஒரு தனித் தொல்லை. இனிஷியல் முன்னால் இருந்ததா, பின்னால் இருந்ததா, அப்பா பெயர் குடும்பப் பெயர்க் கட்டத்தில் ஏறியதா என்பதெல்லாம் இணைப்பு எடுத்த நாளில் ஃபாரம் நிரப்பியவர் கையில் இருந்த விஷயம். பாஸ்போர்ட்டில் இருப்பதை இங்கே எழுதிப் பயனில்லை. பழைய நிறுவனத்தின் பில்லில் தவறாக இருந்தால் அந்தத் தவறையே அப்படியே எழுத வேண்டும்.

முகவரியில் விழும் ஓட்டை வேறு. பில் வரும் முகவரியும் இணைப்பு இருக்கும் முகவரியும் இரண்டு தனிப் பதிவுகள். கேட்கப்படுவது இரண்டாவது. பில்லைத் தபால் பெட்டிக்கோ மகன் வீட்டுக்கோ வரவழைத்தவர்கள் இதில் மாட்டுவார்கள். அடுக்கக எண் விடுபட்டாலும், பழைய கதவு எண் புதிய கதவு எண்ணாக மாறியிருந்தாலும் இதே கதைதான்.

யூகித்துத் திருத்துவதைவிடப் பழைய நிறுவனத்தையே அழைத்து, இந்த எண்ணுக்கு அவர்கள் கணினியில் உள்ள பெயர், சேவை முகவரி, கணக்கு எண், பில் எந்த எண்ணின் பேரில் வருகிறதோ அந்த முதன்மை எண் ஆகிய நான்கையும் வாசிக்கச் சொல்லி எழுதிக்கொள்ளுங்கள். ‘நிறுவனம் மாறப் போகிறேன்’ என்று தொடங்கினால் அழைப்பு சலுகை பேசித் தடுக்கும் பிரிவுக்குப் போய்விடும், அங்கே அரை மணி நேரம் கரையும். பதிவைச் சரிபார்க்க வேண்டும் என்று கேட்டால் போதும், அது உண்மையும்கூட.

கணக்கு ஏற்கெனவே காலமானவர் பெயரில் இருந்தால் முதலில் பழைய நிறுவனத்திலேயே பெயர் மாற்றம் செய்து, அது முடிந்து ஒரு பில்லாவது புதிய பெயரில் வந்தபின் கோரிக்கை கொடுப்பது பாதுகாப்பு. இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட்டக் கூடாது, ஏனென்றால் கணக்கில் முடியாத வேலை ஒன்று நிலுவையில் இருந்தால் அதுவே நிராகரிப்புக்குக் காரணமாகும். இணைய வேகத்தை உயர்த்தக் கொடுத்த விண்ணப்பம், முகவரி மாற்றம், சில மாதங்களுக்கு முன் கேட்டு மறந்துபோன ஏதோ ஒரு வசதி, எதுவானாலும் சரி. ஆர்வக்கோளாறில் நீங்களே கொடுத்த ரத்துக் கடிதமும் இதே வகைதான். அதைத் திரும்பப் பெற்றுவிட்டு அப்புறம் கோரிக்கையை நகர்த்துங்கள்.

விவரம் எல்லாம் சரியாக இருந்தும் திரும்பத் திரும்ப நிராகரித்தால் மூன்று இடங்களில் பாருங்கள். ஒன்று, எண்ணுக்குப் பூட்டு போடப்பட்டிருக்கலாம். அனுமதியில்லாமல் யாரும் எண்ணைக் கடத்தாமலிருக்கப் போடும் பூட்டு அது, கணக்குதாரரே சொன்னால்தான் திறப்பார்கள். இரண்டு, பில் அனுப்பும் நிறுவனம் வெறும் மறுவிற்பனையாளராக இருக்கலாம். எண்ணை உண்மையில் வைத்திருப்பது அவர்களுக்கு மேலே உள்ள பெரிய நெட்வொர்க், அங்கே உங்கள் கணக்கு எண் வேறாக இருக்கும். அந்த எண்ணைத் தரும்படி மறுவிற்பனையாளரிடம் கேட்க வேண்டும். மூன்று, ஒரே கணக்கில் ஒன்றுக்கு மேற்பட்ட எண்கள் இருக்கலாம். பழைய ஃபேக்ஸ் எண், பிள்ளைகளுக்கென்று வாங்கிய இரண்டாவது எண் போன்றவை. அவற்றில் ஒன்றுதான் பில்லின் முதன்மை எண். முதன்மை எண்ணை மட்டும் எடுத்தால் மற்றவை அதோடு சேர்ந்து அறுந்துபோகும் ஆபத்து உண்டு. எவை போக வேண்டும், எவை நிற்க வேண்டும், எவை மூடலாம் என்று எழுத்தில் கொடுங்கள்.

பாக்கி இருப்பதால் எண்ணைத் தர மாட்டோம் என்று சொல்ல அமெரிக்க விதிப்படி பழைய நிறுவனத்துக்கு உரிமை இல்லை. பாக்கியும் ஒப்பந்தத்தை இடையில் முறித்ததற்கான கட்டணமும் தனியே வசூலிக்கப்படும், அது வேறு கணக்கு. ஆனால் பாக்கிக்காக இணைப்பே துண்டிக்கப்பட்டுவிட்டால் எண் உயிரோடு இல்லை என்று நிராகரிப்பு வரும். எனவே எந்த நாடாக இருந்தாலும் மாற்றம் முடியும்வரை பில் கட்டுவதே உங்களுக்கு லாபம்.

புதிய நிறுவனத்திடம் ஒரு வார்த்தை தெளிவாகச் சொல்லுங்கள்: இருக்கிற கோரிக்கையையே திருத்தி அனுப்பவும், புதிதாக இன்னொன்று போட வேண்டாம். இரண்டு கோரிக்கைகள் ஒரே எண்ணுக்கு ஓடினால் ஒன்றை ஒன்று தடுக்கும். நிராகரிப்புக்கான காரணத்தையும் அவர்கள் திரையில் உள்ளபடியே வாசிக்கச் சொல்லுங்கள். ‘விவரம் தவறு’ என்பது காரணம் ஆகாது, எந்த விவரம் என்பதுதான் காரணம்.

அறிகுறி: கொடுத்த தேதி கடந்துவிட்டது, எதுவும் நடக்கவில்லை

ஒரே ஒரு எண், சிக்கலான வசதிகள் ஏதும் இல்லை என்றால் அமெரிக்காவில் ஒரு வேலை நாளில் முடிக்க வேண்டும் என்பது விதி. மற்றவற்றுக்கு நாள் கூடும். ஆஸ்திரேலியாவில் எளியது, சிக்கலானது என்று இரண்டு வகையாகப் பிரித்து வேறு வேறு கால அளவு வைத்திருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றிய விதியில் மாற்றத்தின்போது இணைப்பு இல்லாமல் போகும் நேரம் ஒரு வேலை நாளுக்கு மேல் இருக்கக் கூடாது.

பழைய நிறுவனம் தேதியை உறுதி செய்துவிட்டதா என்று மட்டும் கேளுங்கள். உறுதி செய்தும் நடக்கவில்லை என்றால் பந்து புதிய நிறுவனத்தின் பக்கம். கடைசிப் பொத்தானை அழுத்துவது அவர்கள் வேலை, அழுத்தாததற்குப் பெரும்பாலும் வீட்டில் புதிய கருவி நிறுவப்படாததே காரணம். ஃபைபர் இழுக்க வந்தவர் பாதியில் போயிருப்பார், அல்லது தபாலில் வந்த கருவி பிரிக்காமல் கிடக்கும்.

நிறுவும் வேலை தள்ளிப்போவது தெரிந்தால், எண் மாறும் தேதியையும் உடனே தள்ளிவைக்கச் சொல்ல வேண்டும். இரண்டும் தனித்தனி விண்ணப்பங்களாக ஓடும், ஒன்று தள்ளினால் மற்றது தானாகத் தள்ளும் என்று நம்பிவிடக் கூடாது. வெள்ளிக்கிழமை, நீண்ட விடுமுறைக்கு முந்தைய நாள் இரண்டையும் தவிர்த்து வாரத்தின் நடுவில் காலை நேரமாகக் கேளுங்கள். எண் தவறான இடத்துக்குப் போனால் திரும்ப இழுக்கும் பிரிவு பொதுவாக வேலை நாட்களில்தான் இயங்கும்.

பிரிட்டனில் 2024 செப்டம்பர் 12 முதல் புதிய நிறுவனத்திடம் மட்டும் சொன்னால் போதும் என்ற ஒரே படி முறை நடப்பில் இருக்கிறது. அங்கும் எண்ணைத் தக்கவைக்க வேண்டும் என்று ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லி, உறுதி மின்னஞ்சலில் உங்கள் எண் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். புதிய எண் அச்சாகி வந்திருந்தால் அன்றே திருத்த வேண்டும், தேதி வந்தபின் அல்ல.

அறிகுறி: வெளியே பேச முடிகிறது, உள்ளே அழைப்பு வரவில்லை

இணையம் வழியாகப் பேச்சு தரும் நிறுவனங்கள் கருவியோடு ஒரு தற்காலிக எண் கொடுப்பதுண்டு. அந்த எண்ணை அழைத்துப் பாருங்கள். மணி அடித்தால் கருவியும் வயரிங்கும் சரி, உங்கள் சொந்த எண் மட்டும் அந்தக் கணக்கோடு சேர்க்கப்படவில்லை. அது புதிய நிறுவனத்தின் கணினியில் சில நிமிட வேலை, ஆனால் கேட்டால்தான் நடக்கும். தற்காலிக எண்ணும் அடிக்காவிட்டால் கருவியைப் பாருங்கள்: தொந்தரவு செய்யாதே வசதி இயக்கத்தில் இருக்கிறதா, தெரியாத எண்களை வடிகட்டும் வசதி தானாக இயங்குகிறதா, அழைப்பை வேறெங்கோ திருப்பிவிடச் சொல்லியிருக்கிறதா.

சில அழைப்புகள் மட்டும் வராவிட்டால் கதை வேறு. எண்ணின் முதல் சில இலக்கங்களை வைத்தே எக்ஸ்சேஞ்சைக் கண்டுபிடித்த காலம் போய், எண்கள் நிறுவனம் மாறத் தொடங்கியபின் எந்த எண் இப்போது எந்த நெட்வொர்க்கில் இருக்கிறது என்று தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் இதற்குப் பொதுவான தரவுத்தளம் இருக்கிறது. மாறிய ஒவ்வொரு எண்ணுக்கும் அதில் வழிகாட்டும் 10 இலக்க எண் ஒன்று இணைக்கப்படும், மற்ற நெட்வொர்க்குகள் அதைப் பார்த்து அழைப்பைத் திருப்பும். பிரிட்டனில் வீட்டு எண்களுக்கு வழக்கம் வேறு: அழைப்பு எண்ணை முதலில் ஒதுக்கிய நிறுவனத்துக்குப் போய், அங்கிருந்து புதிய இடத்துக்குத் தள்ளிவிடப்படும். அதனால் எப்போதோ விட்டுவந்த நிறுவனத்தின் கோளாறு அங்கே இன்றும் உங்கள் மணியை நிறுத்த முடியும்.

அடிக்கடி பார்க்கிற ஒன்று: எல்லோராலும் அழைக்க முடிகிறது, பழைய நிறுவனத்தின் வாடிக்கையாளர்களால் மட்டும் முடியவில்லை. பழைய நிறுவனம் அழைப்புகளை இணைக்கும் தன் கணினியிலிருந்து, அதாவது சுவிட்சிலிருந்து, உங்கள் எண்ணை நீக்காததே காரணம். எண் இன்னும் தன் வீட்டில்தான் இருக்கிறது என்று நினைத்து அந்த சுவிட்ச் வெளியே தேடாமல், ஆளில்லாத கம்பிக்கு மணி அடிக்கும், அல்லது பழைய வாய்ஸ்மெயிலில் விட்டுவிடும். நீங்கள் இப்போது அவர்களின் வாடிக்கையாளர் இல்லை, ஆகவே நேரடியாகக் கூப்பிட்டால் கணக்கு இல்லை என்று வைத்துவிடுவார்கள். புதிய நிறுவனத்திடம், ‘பழைய நிறுவனத்தின் சுவிட்சில் என் எண் இன்னும் நீக்கப்படவில்லை, அவர்களின் எண் மாற்றப் பிரிவுக்குப் புகார் அனுப்புங்கள்’ என்று சொல்லி, குறித்துவைத்த அழைப்பு விவரங்களைக் கொடுங்கள்.

ஒரே ஒரு கைபேசி நிறுவனத்திலிருந்து மட்டும் அழைப்பு வரவில்லை என்றால், அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர் ஒருவரே அங்கே புகார் கொடுப்பதுதான் விரைவான வழி. மாற்றம் நடந்த முதல் நாளில் இப்படி ஆங்காங்கே தட்டுவது பெரும்பாலும் தானாகச் சரியாகும். மறுநாளும் தொடர்ந்தால் புகார் போட வேண்டியதுதான்.

அறிகுறி: நீங்கள் அழைத்தால் வேறு எண்ணோ வேறு பெயரோ காட்டுகிறது

வேறு எண் காட்டினால் வெளியே போகும் அழைப்பில் இன்னும் தற்காலிக எண்ணே வைக்கப்பட்டிருக்கிறது. உள்ளே வருவதும் வெளியே காட்டுவதும் இரண்டு தனி அமைப்புகள். கணக்குப் பக்கத்தில் நீங்களே மாற்றலாம், அல்லது கேட்டு மாற்றலாம். பெயர் காட்டும் வழக்கம் உள்ள நாடுகளில் பெயர் வேறொரு தரவுத்தளத்திலிருந்து வருகிறது, அது எண்ணோடு சேர்ந்து தானாக நகராது. புதிய நிறுவனம் பதிவு செய்தால் மாறும், சில நாட்கள் பிடிக்கும்.

அறிகுறி: எண் மாறிய அன்றே இணையமும் நின்றுவிட்டது

டிஎஸ்எல் பிராட்பேண்ட் அதே செம்புக் கம்பியில் ஓடிக்கொண்டிருந்தால், எண் போனதும் கம்பிக் கணக்கு மூடப்பட்டு இணையமும் சேர்ந்து போகும். புதிய பேச்சு சேவை அந்த இணையத்தையே நம்பியிருந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் அவுட். இதற்கு முன்கூட்டியே செய்வதுதான் மருந்து. போன் இல்லாத தனி இணைய இணைப்பாக மாற்றித் தர முடியுமா என்று பழைய நிறுவனத்தைக் கேட்டு, அந்த மாற்றம் முழுவதும் முடிந்தபின் எண்ணை நகர்த்துங்கள். முடியாது என்றால் புதிய இணையத்தை முதலில் போட்டு ஓடவிட்டு, எண்ணைக் கடைசியில் மாற்றுங்கள். நின்றபின் கவனித்தவர்களுக்குக் கைபேசி ஹாட்ஸ்பாட்டைத் தவிர உடனடி வழி இல்லை.

அறிகுறி: ரவுட்டரில் செருகிய போன் மட்டும் வேலை செய்கிறது, மற்ற அறைகளில் டயல் டோன் இல்லை

முன்பு டயல் டோன் தெருவிலிருந்து சுவரில் உள்ள சாக்கெட்டுகளுக்கு வந்தது. இப்போது அது கருவியிலிருந்து கிளம்புகிறது. கருவியின் போன் துளையிலிருந்து சுவர் சாக்கெட்டுக்கு ஒரு கம்பி போட்டால் வீடு முழுக்கத் திரும்ப வரும், ஆனால் அதற்கு முன் தெருக்கம்பியை வீட்டு வயரிங்கிலிருந்து கழற்றியே ஆக வேண்டும். எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும் கம்பியில் சும்மா இருக்கும்போதே சுமார் 48 வோல்ட் டிசி இருக்கும். மணி அடிக்கும்போது அதன்மேல் 75 முதல் 90 வோல்ட் வரை ஏசி ஏறும். அது புதிய கருவியின் துளைக்குள் நுழைந்தால் கருவி போய்விடும்.

வீட்டுச் சுவரின் வெளியே அல்லது கம்பி உள்ளே நுழையும் இடத்தில் இருக்கும் பெட்டியில், வாடிக்கையாளர் பக்கம் என்ற பகுதியில் சிறு செருகியைப் பிடுங்கினால் போதும். செருகி இல்லாத பழைய பெட்டியாக இருந்தால் உள்ளே போகும் இரண்டு கம்பிகளையும் கழற்றி நுனியில் டேப் சுற்றிவிடுங்கள். பிறகு உள் சாக்கெட்டில் மல்டிமீட்டரை டிசி 200 வோல்ட்டில் வைத்துப் பாருங்கள். பூஜ்யம் காட்டினால் கருவியை இணைக்கலாம். 48 பக்கம் ஏதாவது காட்டினால் தெருக்கம்பி இன்னும் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. எண் மாறிவிட்டது என்பதால் கம்பியில் மின்சாரம் நின்றிருக்கும் என்று நினைக்க வேண்டாம், பல மாதங்கள்கூட அப்படியே இருக்கும்.

எல்லாம் இணைத்தபின் மணி பலவீனமாக அடித்தால், அல்லது எடுக்கும் முன்பே நின்றால், சுமை அதிகம். ஒவ்வொரு போனின் அடியிலும், மணி அடிக்க அது எவ்வளவு சுமை இழுக்கிறது என்று காட்டும் ஆர்இஎன் (REN) என்ற அளவு அச்சாகியிருக்கும். இரும்பு மணி உள்ள பழைய போனுக்கு ஏறத்தாழ 1, மின்னணு போன்களுக்கு அதைவிடக் குறைவு. கூட்டுத்தொகை கருவியின் கையேட்டில் உள்ள எல்லைக்குள் இருக்க வேண்டும். 5 என்பது வழக்கமான எல்லை, சிறிய கருவிகள் அதைவிடக் குறைவாகவே தாங்கும். ஒரு கம்பியில்லா போன் தளத்தை மட்டும் கருவியில் செருகி, மற்ற அறைகளுக்கு அதன் கைப்பிடிகளை வைத்துக்கொண்டால் இந்த வயரிங் தலைவலி முழுக்கப் போய்விடும். புதிதாகச் செய்கிறவர்கள் அதைச் செய்வதே புத்திசாலித்தனம். சுழற்றும் டயல் உள்ள போன் மணி அடிக்கும், பேசவும் முடியும், ஆனால் அதன் துடிப்பு டயலைப் பல கருவிகள் புரிந்துகொள்வதில்லை.

அறிகுறி: கரண்ட் போனால் போனும் போகிறது

பழுது ஒன்றும் இல்லை. செம்புக் கம்பிக்கு எக்ஸ்சேஞ்சே மின்சாரம் கொடுத்தது, ஃபைபருக்கும் கேபிளுக்கும் வீடுதான் கொடுக்க வேண்டும். ஃபைபர் பெட்டி, ரவுட்டர், பேச்சுக் கருவி மூன்றுக்கும் சேர்த்து பேட்டரி தேவை, ஒன்றை விட்டாலும் பயனில்லை. அடாப்டர்களில் உள்ள வோல்ட், ஆம்பியர் இரண்டையும் பெருக்கினால் உச்ச வாட் வரும். உண்மையில் இழுப்பது அதில் பாதி அளவே இருப்பது வழக்கம். மூன்றும் சேர்ந்து 15 வாட் இழுப்பதாக வைத்துக்கொண்டால் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரியில் கணக்குப்படி 84 வாட்-மணி இருக்கிறது, இழப்பெல்லாம் போக மூன்று நான்கு மணி நேரம் தாங்கும். கம்பியில்லா போனின் தளத்தையும் அதே பேட்டரியில் மாட்ட மறக்காதீர்கள்.

வீட்டில் மருத்துவ உதவிப் பொத்தான், திருட்டு எச்சரிக்கை, லிஃப்ட் போன் எதுவும் அந்தக் கம்பியில் இருந்தால், தேதி குறிக்கும் முன்பே அதை வைத்த நிறுவனத்திடம் புதிய இணைப்போடு வேலை செய்யுமா என்று கேட்டுவிட வேண்டும். மாற்றிய அன்றே சோதனை அழைப்பும் போட வேண்டும். ஃபேக்ஸ் பாதியில் அறுந்தால் இயந்திரத்தின் வேகத்தை 9600க்குக் குறைத்து, பிழைதிருத்தும் வசதியை அணைத்துப் பாருங்கள். புதிய நிறுவனம் இணையம் வழியாக ஃபேக்ஸ் அனுப்பும் டி.38 முறையை ஆதரித்தால் அதையும், இல்லாவிட்டால் சுருக்காத ஜி.711 ஒலியையும் இயக்கச் சொல்லுங்கள்.

அவசர அழைப்பு எண்ணுக்கு உங்கள் முகவரி புதிய நிறுவனத்தில் பதிவாகியிருக்கிறதா என்பதையும் கணக்குப் பக்கத்தில் அன்றே பார்க்கவும். பழைய நிறுவனத்தில் இருந்த முகவரி எண்ணோடு கூட வராது.

அறிகுறி: ஓடிபி வரவில்லை

வங்கி குரல் அழைப்பாக அனுப்பினால் வந்துவிடும். லேண்ட்லைன் எண்ணுக்குக் குறுஞ்செய்தி வாங்கிக்கொண்டிருந்தவர்களுக்கும், இணையப் பேச்சு நிறுவனத்துக்கு மாறியவர்களுக்கும்தான் சிக்கல். சில வங்கிகள் அந்த வகை எண்களைத் தங்கள் பட்டியலில் பார்த்து மறுத்துவிடும், இதைத் தொலைபேசி நிறுவனத்தால் சரிசெய்ய முடியாது. மாறுவதற்கு முன் வங்கி, காப்பீடு, மின்னஞ்சல் கணக்குகளில் ஒரு கைபேசி எண்ணையும் சேர்த்துவைப்பதே வழி.

அறிகுறி: ரத்து செய்துவிட்டேன், எண் போய்விட்டது

இன்றே பழைய நிறுவனத்தை அழையுங்கள், நாளைக்குத் தள்ள வேண்டாம். ரத்தான எண்ணை உடனே இன்னொருவருக்குக் கொடுப்பதில்லை. அமெரிக்காவில் வீட்டு எண்ணைக் குறைந்தது 45 நாட்கள், அதிகபட்சம் 90 நாட்கள் சும்மா வைத்திருப்பார்கள். அந்தக் காலத்துக்குள் ‘அதே எண்ணோடு இணைப்பைத் திரும்ப உயிர்ப்பியுங்கள்’ என்று கேட்டு, உயிர்வந்தபின் அங்கிருந்து மாற்றக் கோரிக்கை கொடுக்கலாம். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் ஒப்பந்தம் முடிந்தபின்னும் குறைந்தது ஒரு மாதம் எண்ணைக் கொண்டுபோகும் உரிமை நீடிக்கிறது, நீங்களே கைவிட்டிருந்தால் தவிர. புதிய எண்ணோடு இணைப்பு தருகிறோம் என்று அவர்கள் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள், கணக்கில் அதுவும் இன்னொரு சிக்கலாக நிற்கும்.

நீங்கள் கேட்காமலேயே எண் வேறு நிறுவனத்துக்குப் போயிருந்தால் பழைய நிறுவனத்திடம் அனுமதியற்ற மாற்றம் என்று சொல்லித் திரும்ப இழுக்கக் கேளுங்கள். முதல் நாள் கேட்டால் சுலபம், வாரங்கள் போனால் ஆவணங்கள் கேட்பார்கள். அந்த எண்ணில் கடவுச்சொல் மீட்கும் கணக்குகள் இருந்தால் அவற்றைப் பூட்டுவதுதான் முதல் வேலை.

அறிகுறி: எல்லாம் மாறிவிட்டது, பழைய பில் மட்டும் நிற்கவில்லை

எண் போனால் கணக்கு மூடும் என்பது ஒரே ஒரு எண்ணும் ஒரே ஒரு சேவையும் இருந்தவர்களுக்கு. தொலைக்காட்சி, இணையம், இரண்டாவது எண், வாடகைக் கருவி ஏதாவது அதே கணக்கில் இருந்தால் அவை ஓடிக்கொண்டே இருக்கும், தொகுப்புச் சலுகை போனதால் கட்டணம் ஏறவும் ஏறும். எண் புதிய இடத்தில் இரண்டு மூன்று நாட்கள் ஒழுங்காக அடித்தபின், மிச்சச் சேவைகளை எழுத்து மூலம் மூடச் சொல்லி உறுதி எண் வாங்குங்கள். தானியங்கிப் பணப் பிடித்தத்தைக் கடைசி பில் வந்தபின் நிறுத்தினால் போதும், முன்பே நிறுத்தினால் பாக்கி என்று நோட்டீஸ் வரும். பழைய வாய்ஸ்மெயிலில் இருந்த குரல்கள் எண்ணோடு வராது, கணக்கு மூடியபின் எடுக்கவும் முடியாது, ஆகவே வேண்டியதை மாறும் தேதிக்கு முன்பே பதிவு செய்துவைக்க வேண்டும். அழைப்பைத் திருப்பிவிடும் அமைப்பு, சுருக்க டயல் எண்கள், தடுத்துவைத்த எண்களின் பட்டியல் எல்லாம் புதிய கணக்கில் மறுபடி போட வேண்டியவை. வாடகைக் கருவியைத் திருப்பிக் கொடுக்கும்போது வரிசை எண் தெரியும்படி ஒரு படம் எடுத்து, ரசீதைக் கடைசி பில் தீரும்வரை வைத்திருங்கள்.